ஒரு மாத்திரை இல்லாமல்

விஜயராணிக்கு வந்த நோய்க்கு அவள் பிறந்த சாத்தான்குளம் பக்கத்தில் சடவு என்று பெயர். நாள் முழுக்க வெயிலில் நின்றவனுக்கும் சடவுதான், காய்ச்சலில் விழுந்து எழுந்தவளுக்கும் சடவுதான், யார்மீதோ மனம் கசந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சடவுதான். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் எதற்கும் உதவாது. அது அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக யார் கேட்டாலும் "ஒண்ணுமில்ல, சடவா இருக்கு" என்றே சொல்லி வந்தாள். கேட்டவர்களும் பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்லிவிட்டு அவரவர் ஷிப்டுக்குப் போனார்கள்.

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவே, பெரியாத்தாள் என்ற அம்மாள் தன் சோளக்காட்டில் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்றில் அவள் குடியிருந்தாள். கணவன் ராபின், பனியன் தைக்கிற பேட்லாக் மெஷினில் டெய்லர். மகள் ஆஷா ஏழாம் வகுப்பு. ராணிக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ராணி கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று பெயர் வாங்கியிருந்தாள்.

அந்தக் கண்ணுக்குத்தான் முதலில் கேடு வந்தது. நல்ல பீஸும் டேமேஜ் பீஸும் ஒன்றாகவே தெரிந்தன. வித்தியாசம் தெரிந்தபோதும், எப்படிப் போனால் என்ன என்று இருந்தது. ஒரு நாள் அவள் பார்த்து அனுப்பிய கட்டு அப்படியே திரும்பி வந்தது. சூப்பர்வைசர் சிவபிரகாஷ் அதிலிருந்து ஒரு பனியனை எடுத்து, எல்லோர் முன்னாலும் விரித்துப் பிடித்து, அதன் ஓட்டை வழியாக அவளை எட்டிப் பார்த்தான். டேபிளில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அழக் கூடாது என்பதற்காக அவளும் சிரித்தாள். மறுநாள் அவளைப் பிசிறு வெட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு போகாமலே இருந்துவிட்டாள்.

இந்த ஊரில் குடிக்கலாம், ஓடிப்போகலாம், சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு வேறு பேட்டைக்குக் குடிபோகலாம். இரண்டு நாள் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். பகலில் ஒருத்தி படுத்திருந்தால் மட்டும் யாருக்கும் பொறுக்காது. குழாயடிக்குப் போகிற பெண்கள் ராணி வீட்டு வாசலைத் தாண்டும்போது நடையைக் குறைப்பார்கள். வாடகை வாங்க வந்த பெரியாத்தாளும் வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"ஏங்கண்ணு, ஒடம்புக்கு என்னாச்சு? பட்டப்பகல்ல இப்பிடிப் படுத்துக் கெடந்தா ஊடு வெளங்குமா கண்ணு?"

அந்த அம்மாள் அன்பாகத்தான் கேட்டார். திட்டியிருந்தால்கூட ராணி தாங்கியிருப்பாள். அன்பாகக் கேட்டதில்தான் உடம்பெல்லாம் கூசியது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆஷா தண்ணீர் பிடிப்பாள், சோறு வடிப்பாள், அப்பாவின் சட்டையை அலசிப் போடுவாள். காலையில் தானே தலைசீவிக்கொண்டு கிளம்புவாள். அவள் எடுக்கிற வகிடு கோணலாக ஓடும். பாயில் கிடந்தபடியே ராணி அந்தக் கோணலைப் பார்ப்பாள். எழுந்து சீப்பை வாங்கி ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அந்த ஒரு கோட்டை அவளால் போட முடியவில்லை. பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அவளை எழுப்பிவிடவில்லை, இன்னும் அழுத்தித்தான் படுக்கவைத்தது.

ஊரிலிருந்து மாமியார் போன் செய்தாள். ராபின் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். "எம்பிள்ளைக்குப் போயி ஒரு பைத்தியாரியக் கெட்டி வச்சிட்டாவளே" என்று அந்தம்மா சொன்னது அடுத்த வீடு வரைக்கும் கேட்டது. ராபின் பாய்ந்து போனை அமர்த்தினான். அவன் கெட்டவன் இல்லை. மனைவியைக் கைநீட்டி அடித்ததில்லை, கடையில் சாப்பாடு வாங்கி வந்து தலைமாட்டில் வைப்பான். ஆனால் யாராவது வீட்டுக்கு வந்தால், "அவளுக்குத் தலவலி" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவான்.

பிரஷர் பார்க்க வீடு வீடாக வந்த நர்ஸ் கலைமகளை மட்டும் அப்படி அனுப்ப முடியவில்லை. அவர் கேட்காமலே உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு தூக்கத்தையும் பசியையும் விசாரித்தார். ராணி வழக்கம்போலச் சடவு என்றாள்.

"உங்க ஊர்ல என்ன பேரு சொல்லுவீங்களோ தெரியாதுங்க அம்மிணி. இது சோம்பேறித்தனமில்ல, பைத்தியமுமில்லீங்க. மனசுக்கு வர்ற நோவு. மருந்து இருக்குதுங்க. திங்கக்கெழமதான் இதுக்கு டாக்டரம்மா வருவாங்க. அன்னைக்கு ஆசுபத்திரிக்கு வாங்க, நானே சீட்டுப் போட்டுத் தாரனுங்க."

ராபின்தான் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டுவிட்டு, எதிரே இருந்த பேக்கரியில் போய் நின்றுகொண்டான். தெரிந்தவர் யாராவது பார்த்தால் டீ குடிக்க வந்ததாகச் சொல்லலாம். ராணி கொரோனா காலத்து மாஸ்க்கைக் கண் வரைக்கும் ஏற்றிவிட்டு, துப்பட்டாவைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச வாரம் பிடிக்கும் என்றார். "நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. நிறுத்துறதையும் நான்தான் சொல்லணும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். ராணிக்கு மருந்தும் நடந்தது, ஜெபமும் நடந்தது. மூடிப்போன ஒரு நிட்டிங் யூனிட்டின் மாடியில் தெற்கத்திக்காரர்கள் கூடுகிற சபை ஒன்று இருந்தது. அந்தச் சபைப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்காக உபவாசம் இருந்தார்கள். வேலை முடித்துப் பஞ்சுத் தூசி படிந்த தலையோடு வந்து, அவளைச் சுற்றி உட்கார்ந்து தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். போகும்போது வீட்டைக் கூட்டிவிட்டு, தூக்குவாளியில் ரசத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அது பொய்யான அன்பு என்று யாரும் சொல்ல முடியாது. மருந்து பாதி, மனிதர்கள் பாதி என்றுதான் நான் நினைக்கிறேன். கடவுளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஒரு நாள் மத்தியானம் பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதித்தது. ராணிக்குப் பசித்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மறுநாள் காலையில் எழுந்து ஆஷாவின் கையிலிருந்து சீப்பை வாங்கினாள். நேராக வகிடு எடுத்து, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டினாள். அதுவரைக்கும் ஆஷா அசையவே இல்லை. அசைந்தால் அம்மா மறுபடியும் போய்ப் படுத்துவிடுவாளோ என்று பயந்திருக்கிறாள்.

இத்தோடு நின்றிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. சபையில் ஒரு வழக்கம் உண்டு. நன்மை பெற்றவர்கள் எழுந்து நின்று அதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சி என்று பெயர். பத்தாம் வகுப்புப் பாஸானவனும் சொல்வான், சிறுநீரகக் கல் கரைந்தவரும் சொல்வார். சொல்லாமல் வைத்துக்கொண்டால் கிடைத்த நன்மை தங்காது என்று நம்பினார்கள். அந்தச் சாட்சிக்கு ஒரு அச்சு உண்டு. தொடக்கமும் முடிவும் எல்லோருக்கும் ஒன்றுதான். நோய் தீர்ந்த சாட்சி என்றால் நடுவில், "ஒரு மாத்திர இல்லாம, ஒரு ஊசி இல்லாம" என்ற வரி வந்தே தீரும். ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்துவிட்டு வந்தவரும் அந்த வரியைச் சொல்வார். பழகிய காதுகள் அதைப் பாட்டில் வருகிற இழுப்பாக எடுத்துக்கொள்ளும். யாரும் மருந்துச் சீட்டை எடுத்துப் பார்ப்பதில்லை.

"என்ன ராணி, சாட்சி சொல்லணும்லா?" என்றார் பாஸ்டரின் மனைவியான பாஸ்டரம்மா.

ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் வேலை உண்டு என்பதால் ஆராதனை மூன்று மணிக்குத்தான். ராணி நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனாள். முறை வந்ததும் எழுந்து நின்றாள். படுத்துக் கிடந்ததைச் சொன்னாள், பிள்ளை தண்ணீர் சுமந்ததைச் சொன்னாள், பெண்கள் உபவாசம் இருந்ததைச் சொல்லி அழுதாள். முன் வரிசையில் இருந்தவர்களும் அழுதார்கள். அதன்பின் வாய் தானாக அந்த அச்சில் விழுந்தது.

"ஒரு மாத்திர இல்லாம, ஒரு ஊசி இல்லாம, கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்தார். இந்தச் சாட்சியக் கேக்கிற உங்களுக்கும் தருவார்."

வாய் தவறி வந்துவிட்டது என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. அந்த வரி வந்தபோது அவளுக்கு இனித்தது. மாத்திரை தின்கிற பைத்தியக்காரி அந்த நிமிடத்தில் காணாமல் போயிருந்தாள். அங்கே நின்றது கர்த்தர் தொட்ட ஒருத்தி. "ஸ்தோத்திரம்" என்று கூரைத் தகரம் அதிரச் சத்தம் எழுந்தது. கணவன் பக்கம் பார்த்தாள். மாதாமாதம் பேக்கரியில் நின்று காத்திருக்கிற ராபின், இரண்டு கையையும் தூக்கி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தான். பெண்பிள்ளைகள் வரிசையில் ஆஷா மட்டும் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தபடி இருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ராபின் புரோட்டா வாங்க ஒதுங்கினான். ஆஷா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, இனி மாத்திர சாப்பிட மாட்டியா?"

"சாப்பிடுவேன். சத்தம் போடாத."

"நெசமா சாப்பிடுவியா?"

"சாப்பிடுவேன்னேன்லா. யார்ட்டயும் சொல்லிராத, என்ன?"

ஆஷா தலையாட்டினாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளையைப் பொய்க்குக் கூட்டுச் சேர்த்தாகிவிட்டது என்று ராணிக்கு அப்போதே உறைத்தது. அதன் பிறகு மாத்திரை தின்பதே திருட்டு வேலை ஆனது. பொதுக் கழிப்பறைக்குள் போய்த் தண்ணீர் இல்லாமல் விழுங்குவாள். வெளியே ஆஷா காவல் நிற்பாள். யாராவது வந்தால் செருமுவாள்.

அந்தச் சாட்சியை யாரோ போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அது சாத்தான்குளம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மாமியார் போன் செய்து அழுதாள். "எம்மருமவ சாட்சிய எங்க கோயில்லயும் போட்டுக் காட்டுனாவ" என்றாள். பைத்தியாரி மருமகளாகிவிட்டாள். வீட்டு ஜெபக்கூட்டங்களை நடத்துகிற பொறுப்பை ராபினிடம் கொடுத்தார் பாஸ்டர். அவன் நடையே மாறியது. ராணி கம்பெனிக்குத் திரும்பிப் போனாள், செக்கிங் டேபிளில் பழைய இடம் கிடைத்தது. எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்ததுதான் அவளுக்கு வேதனை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்குப் பரிமாறுகிற நேரமெல்லாம் பயம்.

அந்தப் பயம் ஜெயபாரதியின் உருவில் வந்தது. அதே கம்பெனியில் கைமடி வேலை செய்கிற பெண் அவள். தைக்கிறவருக்குத் துணியை எடுத்து மடித்துக் கொடுக்க வேண்டும். கோவில்பட்டிப் பக்கம். கணவன் முனீஸ் சாயப்பட்டறையில் இருந்தான். கைப்பிள்ளைக்காரி. சபைக்கு வரத் தொடங்கிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. டீ இடைவேளையில் ராணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, ஒங்கட்ட ஒண்ணு சொல்லணும். பிள்ள பெறந்ததுல இருந்து எனக்கும் ஒங்களுக்கு இருந்த மாரியேதான். திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போயி மாத்திர சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ஒங்க சாட்சியக் கேட்ட அன்னைக்கு எல்லாத்தையும் சாக்கடைல போட்டுட்டேன்."

சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது. ராணிக்குக் கையிலிருந்த டீ கசந்தது. திங்கட்கிழமை என்றால் அதே டாக்டரம்மா. அதே பெஞ்சில் மாஸ்க்கைக் கண்வரை ஏற்றிக்கொண்டு, ஒருவரையொருவர் பாராமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்திருக்கலாம். பழையவர்கள் யாரும் அந்த வரியைக் கேட்டு மாத்திரையை எறிந்ததில்லை. ஜெயபாரதி புதியவள். சொன்னதைச் சொன்னபடியே நம்பிவிட்டாள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சுற்றிலும் டீ டம்ளரோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராணி உண்மையில் பாதியை எடுத்தாள்.

"மாத்திரைய நிறுத்தாதட்டி. எல்லாருக்கும் ஒண்ணு போல இருக்காது. எனக்கு வேற, ஒனக்கு வேற."

ஜெயபாரதியின் முகம் வாடிவிட்டது. "எனக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்லுதீங்களாக்கா?"

"அப்படிச் சொல்லலட்டி."

"இல்லக்கா, நீங்க சொல்லுததும் சரிதான். நான் இன்னும் நல்லா ஜெபிக்கேன்."

பாதி உண்மை முழுப் பொய்யைவிட மோசம் என்பதை ராணி அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாள். மணி அடித்தது. இரண்டு பேரும் எழுந்து அவரவர் டேபிளுக்குப் போனார்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள். அதற்குள் ஜெயபாரதி வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து வெளியே வந்தபோது கேட்டில் முனீஸ் நின்றுகொண்டிருந்தான். கையெல்லாம் நீலச் சாயம். கேட்பதற்கே கூச்சப்பட்டு நின்றான்.

"யக்கா, அவ சுவரப் பாத்துப் படுத்தே கெடக்கா. பிள்ள பாலுக்கு அழுதாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்கா. 'இந்தப் பிள்ளைக்கு நான் வேண்டாம்'னு அவளே சொல்லுதா. நேரம் பூரா ஒங்க சாட்சி வீடியோவத்தான் போட்டுப் போட்டுப் பாக்கா. இன்னைக்கு எப்படியாவது சபைக்குக் கூட்டிட்டு வாரேன். நீங்க ஒருக்க அவ முன்னால அந்தச் சாட்சியச் சொல்லுங்கக்கா. நேர்ல கேட்டாவாது எந்திரிப்பா."

ராணி சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். ராபின் சட்டைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். இன்றைக்குச் சபையில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றும் சொன்னாள்.

"சபைல எதுக்கு? அவ வீட்டுக்குப் போயி அவட்ட மட்டும் சொல்லு."

"அவட்டதான் சொல்லிப் பாத்தேன். அவ என்னய நம்பல, அந்தச் சாட்சியத்தான் நம்புதா. அங்க சொன்னத அங்கதான் திருப்பி எடுக்கணும்."

ராபின் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தான். "எங்கம்மா இப்பதான் ஒம்பேரச் சொல்லி ஜெபம் பண்ணுதா. நான் நாலு பேரு வீட்ல போயி முன்னால நின்னு ஜெபம் நடத்துதேன். நீ எந்திரிச்சு அத்தனையும் பொய்னு சொன்னா நான் எந்த மூஞ்சியக் கொண்டு வெளிய போவேன்?"

"எம்மூஞ்சிக்கும் அதே கதிதாங்க."

"அன்னைக்கே சொல்லிருந்தா பரவால்ல. இப்ப வேண்டாம் ராணி. கெஞ்சிக் கேக்கேன்."

அவன் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அன்று கையைத் தூக்கி ஸ்தோத்திரம் சொன்னவன் என்பதையும் மறக்க முடியவில்லை. அதை எடுத்துச் சொல்லிக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. மூன்று பேரும் பைக்கில் சபைக்குப் போனார்கள்.

முனீஸ் சொன்னபடியே கூட்டிக்கொண்டு வந்திருந்தான். ஜெயபாரதி கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டு அப்படியே அழைத்து வந்திருந்தான். தலை சிக்குப் பிடித்திருந்தது. பிள்ளை அவள் மடியில் கிடந்தது, ஆனால் அவள் கை அதைப் பிடித்திருக்கவில்லை. தன் பாயில் தான் கிடந்த கோலத்தை ராணி வெளியே நின்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

பாட்டு முடிந்ததும் பாஸ்டரம்மா எழுந்தார். "நம்ம சகோதரி ஜெயபாரதி ரொம்ப பெலவீனமா வந்திருக்கா. அவ விசுவாசத்துல உறுதிப்படும்படியா, விஜயராணி அந்தச் சாட்சிய இன்னொரு தடவ சொல்லட்டும்."

ராணி எழுந்தாள். ஆண்கள் பக்கம் ராபின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மூன்று போன்கள் மேலே உயர்ந்தன. வழக்கமான தொடக்கத்தைச் சொன்னாள். படுத்துக் கிடந்ததைச் சொன்னாள். பெண்கள் செய்த உதவியைச் சொன்னாள். அந்த இடம் வந்தது. வாய் மறுபடியும் அந்த அச்சுக்கே போகப் பார்த்தது. "ஒரு மாத்திர" என்றுகூட வந்துவிட்டது. அங்கே நிறுத்தினாள்.

"ஒரு மாத்திர நான் தெனமும் சாப்பிடுதேன்" என்றாள். "காலைல சாப்பாட்டுக்குப் பெறவு. இன்னைக்கும் சாப்பிட்டேன். அன்னைக்கு இங்க நின்னு பொய் சொன்ன காலையிலயும் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். மாசம் ஒருக்க திங்கக்கெழம மனநோய் டாக்டரப் பாக்கப் போறேன். நீங்க எனக்காக உபவாசம் இருந்தது நெசம். எனக்குச் சொகமானது நெசம். மாத்திர இல்லாமன்னு சொன்னது மட்டும் பொய். அதக் கேட்டு ஒரு பிள்ள மாத்திரைய எறிஞ்சிட்டா."

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. மேலே இருந்த போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பாஸ்டர் மெல்ல எழுந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. கோபமா வருத்தமா என்று சொல்ல முடியவில்லை.

"டாக்டர்ட்ட போகாதன்னு நான் என்னைக்கும்மா சொன்னேன்? எனக்கே சுகருக்கு மாத்திர இருக்கு."

"நீங்க சொல்லல ஐயா. நாந்தான் சொன்னேன்."

அத்தனை கண்ணும் தன்மீது இருப்பது தெரிந்தது. கம்பெனியில் ஓட்டைப் பனியன் வழியாகப் பார்த்த ஒரு கண்ணுக்கே குன்றிப்போனவள் அவள். ஆண்கள் பக்கத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ராபின் எழுந்து, யாரையும் பார்க்காமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் கீழே பைக் கிளம்பியது. பாஸ்டர் ஒரு பாட்டு எண்ணைச் சொன்னார். சபையார் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்கள், பார்ப்பதற்கு ஒரு இடம் கிடைத்தது என்ற நிம்மதியோடு.

ராணி தன் இடத்தில் உட்காரவில்லை. வரிசைகளுக்கு நடுவே நடந்து பின்னால் போனாள். சில பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். வழிவிட்டார்களா, விலகிக்கொண்டார்களா என்று அவள் பார்க்கவில்லை. ஜெயபாரதியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஆஷா எப்போது எழுந்து வந்தாளோ, அவளும் வந்து உட்கார்ந்து, மடியில் நழுவிக்கொண்டிருந்த பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

பாட்டுச் சத்தத்துக்கு நடுவே ஜெயபாரதி கேட்டாள். பல நாள் பேசாத குரல் உடைந்து வந்தது.

"அன்னைக்குச் சொன்னது பொய்யாக்கா?"

"ஆமாட்டி."

"நான் எவ்வளவு ஜெபிச்சேன் தெரியுமா? எனக்கு மட்டும் ஏன் கேக்கலன்னு அழுதேன்."

"தெரியும். எம்பாவம்தான்."

ஜெயபாரதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராணி தலையைக் குனியவில்லை. குனிந்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"இப்பிடி எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டு உக்காந்திருக்கீங்களே, வெக்கமா இல்லையா?"

"இருக்கு. செத்துரலாம் போல இருக்கு. இந்த வெக்கம் போன பெறவு மாத்திர திங்கலாம்னு இருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் இந்த ஜென்மத்துல முடியாது. வெக்கத்தோடயே முழுங்கணும், அவ்வளவுதான்."

பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போனது. முன் வரிசையில் யாரோ ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டாள். ஆஷாவின் தோளில் பிள்ளை சிணுங்கியது. ஜெயபாரதி அதன் காலைத் தொட்டாள், தூக்கவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"டாக்டரம்மா வைவாங்களாக்கா, நானா நிறுத்துனதுக்கு?"

"வைவாங்க" என்றாள் ராணி. "நாளைக்குத் திங்கக்கெழமதான். நானும் கூட வாரேன். ரெண்டு பேரையும் சேத்து வையட்டும்."